மலைநாட்டில் பல நாள் கேம்பர்வேன் பயணம்: திட்டமிடும் வரிசை, முழுமையான வழிகாட்டி

படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியான கேம்பர்வேனில் மலைக்குக் கிளம்புபவர்களில் பலர் வரைபடத்தை விரித்ததும் முதலில் குறிப்பது காட்சிமுனைகளை. பிறகு அவற்றைக் கோடு போட்டு இணைக்கிறார்கள். இரவு எங்கே தங்குவது என்ற கேள்வி மாலை 6 மணிக்கு, சிக்னல் இல்லாத ஏதோ ஒரு பள்ளத்தாக்கில், இருட்டத் தொடங்கிய பிறகுதான் எழுகிறது. பயணம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

இங்கே வரிசை நேர்மாறு. முதலில் கணவாய்கள் திறந்திருக்கும் நாட்கள், அடுத்து வண்டியின் அளவும் எடையும், பிறகு இரவுத் தங்கல்கள், அதற்குப் பிறகுதான் பாதை. வரிசையை மாற்றினால் போட்டதை அழித்து மறுபடி போட வேண்டிவரும். இரண்டு பேர், சுமார் 6 மீட்டர் நீள வேன், 7 முதல் 10 நாள் என்று வைத்துக் கணக்குகள் தரப்பட்டுள்ளன.

1. கணவாய் எப்போது திறக்கும் என்று முதலில் பாருங்கள்

உயரமான மலைப்பாதைகள் ஆண்டு முழுதும் திறந்திருப்பதில்லை. ஆல்ப்ஸில் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்டெல்வியோ, 2,429 மீட்டரில் இருக்கும் ஃபுர்கா போன்றவை குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். திறக்கும் தேதியும் நிலையானதல்ல. அந்த ஆண்டு பனி எவ்வளவு பெய்தது, எவ்வளவு வேகமாக அகற்றினார்கள் என்பதைப் பொறுத்து அது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். ஆகவே பருவத்தின் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு வாரத்தையும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சில பாதைகளுக்கு நாளுக்குள்ளும் நேரக் கட்டுப்பாடு உண்டு. ஆஸ்திரியாவின் கிராஸ்க்ளாக்னர் சாலை சுமார் 48 கி.மீ. நீளமுள்ள கட்டணச் சாலை. இரவில் மூடிவிடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் அதன் மறுபக்கத்தில் இரவுத் தங்கலைப் பதிவு செய்தவர், வந்த வழியே இறங்கிச் சுற்றிப் போக வேண்டியதுதான்.

வெப்பநிலையையும் இப்போதே கணக்கிடுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். 600 மீட்டர் உயரப் பள்ளத்தாக்கில் 25 டிகிரி இருக்கும்போது 2,700 மீட்டர் கணவாயில் 11 டிகிரிதான் இருக்கும். காற்றடித்தால் அதைவிடக் குளிராகத் தெரியும். கோடைதானே என்று கனமான உடைகளை விட்டுவிட்டு வருவது புதியவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை.

2. வண்டியின் உயரம், நீளம், எடை: மூன்றையும் எழுதி ஒட்டுங்கள்

உயரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். கையேட்டில் இருப்பது வெறும் வண்டியின் உயரம். கூரைமேல் இருக்கும் சோலார் பலகை, காற்றுப்போக்கி, ஏசி எல்லாம் அதற்குமேல் வரும். அளந்த எண்ணை மீட்டரிலும் அடியிலும் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். பாலத்துக்கு முன்னால் வரும் பலகையைப் பார்த்து யோசிக்கக் கிடைப்பது ஓரிரு நொடிதான்.

பழைய மலைச் சுரங்கங்களின் கூரை வளைவாக இருக்கும். பலகையில் எழுதியிருக்கும் உயரம் நடுப்பகுதிக்கானதாக இருக்கலாம். ஓரத்தில் அதைவிடத் தாழ்ந்திருக்கும். எதிரே வண்டி வராதபோது நடுவில் போவதே வழி. ஓரத்துப் பாறைத் துருத்தல்களும் அப்படித்தான், கூரையின் மேல்மூலையைத்தான் கிழிக்கும்.

நீளத்தில் கவனிக்க வேண்டியது பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி. கொண்டை ஊசி வளைவில் முன்பக்கம் உள்ளே திரும்பும்போது வால்பகுதி வெளியே வீசும். தடுப்புச் சுவரில் உரசுவது பெரும்பாலும் அதுதான். பின்னால் சைக்கிள் தாங்கி மாட்டினால் இந்த வீச்சு இன்னும் கூடும்.

எடைதான் அதிகம் பேர் தவறவிடும் விஷயம். ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய வண்டிகளுக்கு வழக்கமான வரம்பு 3,500 கிலோ. ஓடும் நிலையில் வண்டி 3,050 கிலோ என்றால் கையிருப்பு 450. அதில் இரண்டாவது ஆள் 70, தண்ணீர் 100, இரும்பு சிலிண்டர் 25, பக்கப்பந்தல் 30, சைக்கிளும் தாங்கியும் 55 என்று கழித்தால் மிஞ்சுவது 170 கிலோ. உடை, படுக்கை, பாத்திரம், உணவு, நாற்காலி, கருவிகள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் ஓடுநிலை எடையில் ஓட்டுநரும் எரிபொருளும் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். முழுச் சுமையோடு ஒருமுறை எடைமேடையில் ஏற்றிவிட்டால் சந்தேகமே இருக்காது.

மொத்த எடை சரியாக இருந்தும் பின்அச்சு வரம்பைத் தாண்டலாம். கனமானவை எல்லாம் வால்பகுதிக் கிடங்கில் போனால் முன்பக்கம் லேசாகும். முன்சக்கர இயக்க வண்டி ஈரமான ஏற்றத்தில் சக்கரம் சுழன்று நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கனமான பொருள் தரையோடு, இரண்டு அச்சுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல்தட்டில் உடையும் ரொட்டியும் போதும்.

3. பாதைக்கு முன் இரவிடங்களைக் குறியுங்கள்

வெற்றுத்தாளில் இரவு 1, இரவு 2 என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் இடம், அரை மணி ஓட்டத்துக்குள் ஒரு மாற்றிடம். மாற்றிடம் முதல் இடத்தைவிடத் தாழ்வாக இருக்கட்டும். மேலே பனியோ மூடுபனியோ வந்தால் இறங்கத்தான் முடியும்.

முதல் இரவு, வண்டியை எடுக்கும் இடத்திலிருந்து ஒரு மணி ஓட்டத்துக்குள், சமதளத்தில், மின்இணைப்பும் தண்ணீரும் கழிவுத்துறையும் (கழிவைக் கொட்டும் இடம்) உள்ள முகாமில் அமையட்டும். தண்ணீர் பம்ப் எந்த சுவிட்சில் ஓடுகிறது, படுக்கை எப்படி விரிகிறது, ஃபிரிட்ஜ் எந்த முறையில் இருக்கிறது என்பதையெல்லாம் கற்கும் இரவு அது. மலைமேல் இருட்டில் கற்க வேண்டிய பாடங்களல்ல இவை. ஏதாவது பழுது தெரிந்தால் மறுநாள் காலையில் திரும்பிப் போகவும் தூரம் குறைவு.

அடுத்ததாக, மூன்று இரவுக்கு ஒருமுறை முழு வசதியுள்ள முகாம் ஒன்றைக் குறியுங்கள். இந்த மூன்று எங்கிருந்து வருகிறது என்றால், கழிப்பறைக் கேசட்டிலிருந்து, அதாவது கழிப்பறைக்கு அடியில் இருக்கும், கழற்றிக் காலி செய்யும் கழிவுப் பெட்டியிலிருந்து. 17 முதல் 20 லிட்டர் கொள்ளும் கேசட் இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று நாள்தான் தாங்கும். தண்ணீர்த் தொட்டியும் ஏறக்குறைய அதே கணக்குக்கு வரும். இந்த முகாம் இரவுகள்தான் பயணத்தின் தூண்கள். நடுவில் இருக்கும் இரவுகளில் எளிய நிறுத்துமிடங்களில் தங்கலாம்.

சட்டத்தைப் படிக்கும்போது 'நிறுத்துவது' வேறு, 'முகாமிடுவது' வேறு என்பதை நினைவில் வையுங்கள். பல இடங்களில் நிறுத்திய வண்டிக்குள் தூங்குவதைப் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் நாற்காலி போட்டாலோ, பந்தல் விரித்தாலோ, சக்கரத்துக்கு அடியில் மட்டக்கட்டை வைத்தாலோ அது முகாமாகிவிடும், அபராதமும் வரும். தேசியப் பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் குறிப்பிட்ட இடங்களைத் தவிர மற்ற எங்கும் கூடாது என்பதே வழக்கம். பக்கத்து மாகாணத்தில் விதி வேறாக இருக்கலாம், ஒவ்வொரு இரவுக்கும் தனியாகப் பாருங்கள்.

இடம் அழகாக இருப்பது மட்டும் போதாது. காய்ந்த ஆற்றுப்படுகையில் நிறுத்தாதீர்கள். மேலே எங்கோ பெய்யும் மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வரும். அணைக்குக் கீழுள்ள ஆற்றோரமும் அப்படியே, முன்னறிவிப்பில்லாமல் நீர் திறக்கலாம். பாறைச் சரிவுக்கு அடியில் தரையில் புதிதாக உடைந்த கற்கள் கிடந்தால் அடுத்த கல்லும் அங்கேதான் விழும். பட்ட மரத்துக்குக் கீழேயும் வேண்டாம். பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் இரவில் குளிர்காற்று தேங்கும் என்பதால், சரிவில் சற்று மேலே இருக்கும் இடம் பெரும்பாலும் இதமாக இருக்கும்.

4. ஒரு நாளுக்கு எவ்வளவு ஓட்டலாம்

தூரத்தை மறந்துவிட்டு மணிக்கணக்கில் யோசியுங்கள். மேப் காட்டும் நேரம் கார்களுக்கானது. வளைவுகள் நிறைந்த பாதையில் கேம்பர்வேனின் சராசரி வேகம் மணிக்கு 30 முதல் 40 கி.மீ. மேப் சொல்லும் நேரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள், அதோடு காட்சிமுனை ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் கூட்டுங்கள்.

நாளுக்கு நான்கு மணி நேர ஓட்டம் என்பது நல்ல வரம்பு. பெரிய கணவாய் என்றால் நாளுக்கு ஒன்று. இரண்டு கட்டாயம் என்றால் மறுநாள் ஓட்டமே வேண்டாம். ஸ்டெல்வியோவின் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அதை முடித்துவிட்டு மதியம் இன்னொரு கணவாய் என்று போட்ட திட்டத்தில், ஓட்டுபவர் பார்ப்பது தார்ச்சாலையை மட்டுமே.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இந்தப் பயணத்தின் அழகு இருக்கிறது. கோடையில் மலைகளில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு கூடும். காலை 9 மணிக்கு மேல் சைக்கிள், மோட்டார் சைக்கிள், சுற்றுலாப் பேருந்து எல்லாம் சேர்ந்துவிடும். எனவே கணவாயை விடிந்ததும் கடந்துவிட்டு, காலை உணவை உச்சியில் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையே கூட வருகிறதே.

வெயில் கண்ணில் படாமல் இருக்க, முடிந்தவரை காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் ஓட்டம் அமையும்படி சுற்றின் திசையை வையுங்கள். அப்போது ஒளி பின்னாலிருந்து விழும், எதிரே மலைமுகம் முழுசாகத் தெரியும். சுற்றைத் தலைகீழாகத் திருப்பினாலே இது பல சமயம் சரியாகிவிடும், கூடுதல் தூரம் எதுவும் இல்லை. பள்ளத்தாக்கில் சூரியன் மலைக்குப் பின்னால் முன்னதாகவே மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுத்து, வெளிச்சம் இரண்டு மணி நேரம் மிச்சமிருக்கும்போதே இரவிடத்தை அடையுங்கள்.

நான்கு நாளுக்கு ஒரு நாள் காலியாக இருக்கட்டும். கணவாய் மூடினாலோ மழை பிடித்துக்கொண்டாலோ அந்த நாள்தான் மற்ற பதிவுகளைக் காப்பாற்றும்.

5. தண்ணீர், கேஸ், மின்சாரம்

தண்ணீர்: குடிக்க, சமைக்க, கழுவ ஆளுக்கு நாளுக்கு 10 முதல் 15 லிட்டர். வண்டிக்குள் குளித்தால் ஒவ்வொரு குளியலுக்கும் இன்னும் 10 லிட்டருக்குக் குறையாது. 100 லிட்டர்த் தொட்டி, குளியல் இல்லாமல், இரண்டு பேருக்கு மூன்று நாள் சொச்சம். ஏற்றம் தொடங்கும் முன் தேவையில்லாமல் தொட்டியை நிரப்பாதீர்கள். மேலே தண்ணீர் கிடைக்கும் என்று உறுதியானால் பாதித் தொட்டியோடு ஏறினால் 50 கிலோ மிச்சம். கழிவுநீரைச் சாலையோரம் திறந்துவிடவே கூடாது.

கேஸ்: குளிரிடத்துக்கு புரோபேன் வாங்குங்கள். பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியில் ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டர் நிறைய இருக்கும், அடுப்பு மட்டும் எரியாது. புரோபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். ஓட்டும்போது சிலிண்டர் வால்வை மூடிவையுங்கள். கேஸ் ஏற்றிய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள சுரங்கம் வழியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மின்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நாளுக்கு 30 முதல் 40 ஆம்பியர் மணி எடுக்கும். டீசல் ஹீட்டரின் விசிறி ஓர் இரவுக்கு 10 முதல் 15. விளக்கு, பம்ப், போன் சேர்த்து இன்னும் 10. மொத்தம் சுமார் 60. 100 ஆம்பியர் மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம், அதாவது 50. ஒரு நாள்கூடத் தாங்காது. அதே கொள்ளளவு லித்தியம் பேட்டரியில் 80-க்கு மேல் கிடைக்கும்.

சோலாரை மலையில் பெரிதாக நம்ப வேண்டாம். பள்ளத்தாக்கில் மலை நிழலும் மர நிழலும் பாதி நாளைத் தின்றுவிடும். ஓடும் இன்ஜினிலிருந்து ஏற்றும் 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் இரண்டு மணி ஓட்டத்தில் ஒரு நாள் தேவை நிரம்பும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அதைத் தடுக்கும் பாதுகாப்பு உள்ளே இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

6. கிளம்பும் முன் வண்டிச் சோதனை

டயர் அழுத்தத்தை ஓடாத குளிர்ந்த நிலையில், முழுச் சுமையோடு, அந்த வண்டிக்குரிய அட்டவணைப்படி பாருங்கள். கார் அளவுக் காற்று போதாது. கேம்பர்வேன் ஆண்டில் பாதி நாள் நின்றே கிடப்பதால் பட்டன் தேயாமலேயே ரப்பர் விரிசல் விடும். பக்கச்சுவரில் இருக்கும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் படியுங்கள்.

பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதன் தரவரம்பு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் அந்தச் சூடு வந்துவிடும். திரவம் மாற்றி இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

டீசல் வண்டி என்றால், புகையைச் சுத்திகரிக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்ப்ளூ திரவத்தையும் நிரப்புங்கள். ஏற்றத்தில் அதுவும் கூடுதலாகச் செலவாகும். தீர்ந்த நிலையில் இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாது. எரிபொருள் பாதிக்கு வந்ததும் அடுத்த பங்கில் நிரப்பிவிடுவது மலையில் நல்ல பழக்கம்.

கையோடு: சக்கர அடைக்கட்டை இரண்டு, மட்டக்கட்டை ஒரு ஜோடி, சின்ன ரசமட்டம், இழுவைக் கொக்கி, தலைவிளக்கு, தண்ணீர்க் குழாய்க்குப் பல அளவு இணைப்பிகள், கார்பன் மோனாக்சைடு அலாரம். இணையமில்லாமல் திறக்கும் வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள், காகித வரைபடமும் ஒன்று இருக்கட்டும்.

7. ஏற்றமும் இறக்கமும்

டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஏற்றத்தில் கியரை முன்னதாகவே குறைத்து, இன்ஜின் திணறாமல் ஓட்டுங்கள். வெப்பமானி ஏறினால் ஏசியை அணைத்து, உள்ஹீட்டரை முழுதாகத் திறங்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறும். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் அடுத்த ஒதுங்கிடத்தில் விலகி வழிவிடுங்கள். துரத்தப்படுகிற உணர்வில் ஓட்டுபவர்தான் வளைவில் தப்பு செய்கிறார்.

இறக்கத்துக்கு ஒரே விதி: எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில், அல்லது அதைவிட ஒன்று குறைத்து இறங்குங்கள். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் கைமுறைக்கு மாற்றி, கியர் தானாக ஏறாதபடி பிடியுங்கள். குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம்.

பிரேக்கில் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவதுதான் புதியவர்களின் பெரிய பிழை. பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் பிரேக் வட்டு ஆற நேரமே கிடைக்காது. நேர்சாலையில் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுங்கள். கொஞ்சம் வேகம் ஏறியதும் மறுபடி அப்படியே. வளைவுக்குள் நுழையும்போது பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும்.

கருகிய நாற்றம் வந்தாலோ பெடல் மெத்தென்று இறங்கினாலோ உடனே கியரை இன்னும் குறைத்து, அடுத்த ஒதுங்கிடத்தில் நிறுத்துங்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடைக்கட்டை வையுங்கள். சூடான பிரேக்கில் கைபிரேக்கை இறுக்கினால் ஒட்டிக்கொள்ளலாம். அரை மணி நேரம் ஆறட்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது, வட்டு விரிசல் விடும்.

குறுகிய பாதையில் எதிரெதிரே சந்தித்தால் ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்பது பல மலைநாடுகளில் பொதுவான வழக்கம். ஆனாலும் ஒதுங்கிடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்வாங்குவது வேலையைச் சீக்கிரம் முடிக்கும். பின்வாங்கும்போது கூட இருப்பவர் இறங்கி, உங்கள் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்று கைகாட்ட வேண்டும். சுவிட்சர்லாந்தின் மலை அஞ்சல் சாலைகளில் மஞ்சள் பேருந்துக்கு வழி விடுவது சட்டம். அதன் ஓட்டுநர் சொல்கிறபடி நகருங்கள்.

8. நிறுத்தியதும் செய்ய வேண்டிய வரிசை

முதலில் இடத்தை நடந்து பாருங்கள்: தரை உறுதியா, மரக்கிளை தாழ்வா, அதிகாலையில் வெளியேற வழி இருக்கிறதா. பிறகு வண்டியின் முகம் வெளியே பார்க்கும்படி பின்வாங்கி நிறுத்துங்கள். இரவில் புயலோ உடல்நலக்குறைவோ வந்தால் நேராக ஓட்டிப் போய்விடலாம்.

அடுத்து மட்டம். ரசமட்டத்தை வண்டியின் உள்தரையில் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றி, மற்ற சக்கரத்துக்கு அடை கொடுங்கள். தலைபக்கம் தாழ்ந்திருந்தால் தூக்கம் போகும் என்பது மட்டுமல்ல, கேஸில் ஓடும் உறிஞ்சுவகை ஃபிரிட்ஜ் சாய்ந்தால் குளிராது. உயரமான இடத்தில் அந்த ஃபிரிட்ஜ் கேஸில் பற்றவைக்கவே தகராறு செய்யும், அப்போது மின்இணைப்புக்கு மாற்றுங்கள். கேஸ் வால்வைத் திறப்பதும் பந்தல் விரிப்பதும் இதற்கெல்லாம் பிறகு. மலைக்காற்று நொடியில் மாறும். தூங்கப் போகும்போது பந்தலைச் சுருட்டிவிடுங்கள்.

9. குளிரும் உயரமும்

அடுப்பை எரியவிட்டு வண்டியைச் சூடாக்காதீர்கள். குளிருக்குப் பயந்து காற்றுத்துளைகளைத் துணியால் அடைப்பதும் உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. டீசல் ஹீட்டர் பல 1,500 மீட்டருக்கு மேல் உயர அமைப்பு இல்லாமல் ஓடினால் கரி பிடிக்கும், கையேட்டில் அந்த அமைப்பைத் தேடுங்கள்.

காலையில் தொட்டி காலியாக இருந்தால் உடனே திருட்டு, ஓட்டை என்று நினைக்க வேண்டாம். பல வண்டிகளில் கொதிகலனுக்கு ஓர் உறைபனி வால்வு உண்டு. சுமார் 3 டிகிரிக்குக் கீழே போனால் குழாய் வெடிக்காமலிருக்க அது தானாகத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிடும். உள்ளே சூடு ஏறிய பிறகே அதை மூட முடியும்.

2,500 மீட்டருக்கு மேல் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதிக்கும். பருப்பும் கிழங்கும் வேக நேரம் பிடிக்கும், கேஸும் கூடுதலாகப் போகும். குக்கர் இருந்தால் கவலையில்லை. அதே உயரத்துக்கு மேல் தூங்கும்போது தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்குங்கள். பகலில் உயரக் கணவாயைக் கடந்து தாழ்ந்த இடத்தில் படுப்பதுதான் உடலுக்கு நல்லது. தலைவலியோடு தள்ளாட்டமோ ஓய்விலும் மூச்சுத்திணறலோ வந்தால் இரவானாலும் இறங்க வேண்டும். இரவிடத்துக்கு மாற்றாகத் தாழ்ந்த இடம் ஒன்றைக் குறிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். அப்போது ஓட்ட வேண்டியவர் அறிகுறி இல்லாதவர். அதனால் பயணத்தில் இருவருமே வண்டியை ஓட்டிப் பழகியிருக்க வேண்டும்.

10. கடைசி இரவு

வண்டியைத் திருப்பித் தரும் இடத்திலிருந்து ஒரு மணி ஓட்டத்துக்குள், மீண்டும் முழு வசதி முகாமில் தங்குங்கள். கேசட்டைக் காலி செய்து அலசுவது, கழிவுநீரை இறக்குவது, தரை கூட்டுவது, ஃபிரிட்ஜைத் துடைப்பது எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் எடுக்கும். கேசட்டை மாலையிலேயே முடித்துவிடுங்கள்; காலையில் கழிவுத்துறை முன்னால் வரிசை நிற்கும். வண்டியை எடுத்த நாளன்று நான்கு பக்கமும், கூரை விளிம்பும், சக்கர வளையங்களும் படமெடுத்து வைத்திருந்தால், ஒப்படைக்கும்போது பழைய கீறல் எது, புதியது எது என்ற பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும்.